அவளுக்கு விளங்கச் சொன்னார்களா?

பிரசவத்தில் ஒரு பிள்ளைக்குப் பாதிப்பு வந்துவிட்டால் நம் ஊரில் இரண்டு பேச்சுத்தான் எழும். ஒன்று, "அல்லாஹ்வின் நாட்டம்". மற்றது, "டொக்டர் கவனிக்கவில்லை". முதலாவதைச் சொல்லி அழுது ஆறுகிறோம். இரண்டாவதைச் சொல்லிக் கொதித்து ஓய்கிறோம். அந்தத் தாய்க்கு என்ன சொல்லப்பட்டது, அவளுக்கு விளங்கும் மொழியில் சொல்லப்பட்டதா என்று கேட்பவரை எங்கள் ஊரான புல்மோட்டையில் நான் அதிகம் கண்டதில்லை.

இந்தக் கேள்வியை ஓர் ஆங்கிலேய நீதிமன்றம் கேட்டது, அதுவும் நம் நாட்டுத் தாய் ஒருத்திக்காக. 2009ஆம் ஆண்டு. வன்னிப் போரில் காயப்பட்டவர்கள் கப்பலில் வந்திறங்க, இந்திய மருத்துவர்கள் நம் ஊரில் தற்காலிக வைத்தியசாலை நடத்திய அதே ஆண்டு. இலங்கையிலிருந்து அகதியாகப் போயிருந்த ஓர் இளம் தமிழ்ப் பெண், இலண்டனுக்குக் கிழக்கே இல்ஃபர்டில் உள்ள கிங் ஜோர்ஜ் வைத்தியசாலையில் ஆண் பிள்ளையொன்றைப் பெற்றாள். பிறக்கும்போது பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை பால் குடிக்கவில்லை. வீடு தேடி வந்த மருத்துவிச்சி பார்த்தபோது அது வெளிறிச் சோர்ந்து கிடந்தது. 15 மணித்தியாலத்துக்கு மேலாக அதன் வயிற்றில் ஒன்றும் போயிருக்கவில்லை. இரத்தத்தில் சீனி இறங்கி மூளை பாதிக்கப்பட்டுவிட்டது. அந்தப் பிள்ளை இன்று பெருமூளை வாதத்தோடு வளர்கிறான்.

தீர்ப்பு வர 2018 ஆயிற்று. அதில் கத்தி தவறவில்லை, மருந்து மாறவில்லை. பிள்ளைக்குப் பாலூட்டுவது எவ்வளவு அவசியம், குடிக்காவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பதை அந்தத் தாய்க்கு விளங்கும்படி யாரும் சொல்லவில்லை என்பதுதான் குற்றம். அவளுக்கு ஆங்கிலம் சரிவராது. ஆறுதலாகத் தமிழில் சொல்ல ஒருவர் இருந்திருந்தால் போதும். நீதிமன்றம் வைத்தியசாலை நிர்வாகத்தையே பொறுப்பாளியாக்கியது.

பச்சைப் பிள்ளையின் உடம்பில் சீனிச் சேமிப்பு மிகக் குறைவு. அதனால்தான் பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் மார்பில் போடு, பிறகு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை கொடு என்று மருத்துவிச்சிமார் சொல்கிறார்கள். எடை குறைந்த பிள்ளைக்கும், நீரிழிவுள்ள தாயின் பிள்ளைக்கும் ஆபத்து இன்னும் கூட. "பிள்ளை நல்லாத் தூங்குது, எழுப்பாதே" என்று மருமகளைத் தடுக்கும் மாமிமார் இதை மனதில் வைக்கவேண்டும். பாலுக்கு எழாமல் தூங்கும் பிள்ளையை எழுப்பத்தான் வேண்டும். எழும்பாவிட்டால் விடியும் வரை பார்த்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போகவேண்டும்.

மொழி தெரிந்திருந்தும் சொல்லாமல் விடுவது உண்டு. ஸ்கொட்லாந்தின் மொண்ட்கொமெரி வழக்கு அப்படிப்பட்டது. தாய் நீரிழிவுக்காரி, சிறிய உடம்பு. பிள்ளை பெரிதாக இருக்குமோ, தன்னால் பெறமுடியுமோ என்று அவளே கவலையோடு கேட்டிருக்கிறாள். இப்படியான பெண்களில் நூற்றுக்கு ஒன்பது பத்துப் பேருக்குப் பிள்ளையின் தோள் சிக்கிக்கொள்ளக்கூடும். சொன்னால் எல்லாப் பெண்களும் சத்திரசிகிச்சையே கேட்பார்கள் என்று நினைத்து வைத்தியர் அதைச் சொல்லவில்லை. 1999இல் அந்தப் பிரசவத்தில் தோள் சிக்கியது. தலை வந்தும் உடம்பு வர 12 நிமிடம் பிடித்தது. மூச்சுக்காற்று இல்லாமல் மூளையும், இழுபட்டுக் கை நரம்பும் பாதிக்கப்பட்டன. பிரித்தானிய உயர் நீதிமன்றம் 2015இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: இது தாயின் உடம்பு, ஆபத்தைச் சொல்லி முடிவை அவளிடம் விடவேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீடுகள்தான் நினைவுக்கு வந்தன. நம்மிடையே கணவன் கையெழுத்து வைக்கிறான், வாப்பா தலையாட்டுகிறார், உம்மா வெளியே நின்று துஆ கேட்கிறாள். வலியில் கிடக்கும் பெண்ணிடம் மட்டும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. வைத்தியசாலையைக் குறைசொல்லுமுன் நாம் நம்மையும் பார்க்கவேண்டும்.

புல்மோட்டைக்குத் தெற்கிலிருந்து வைத்தியர்கள் வருகிறார்கள். பலர் சிங்களப் பிள்ளைகள். சொந்த ஊரை விட்டுக் கடல்முனைக்கு வந்து இரவு பகலாக வேலை செய்பவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. தமிழ் பழக முயல்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். ஆனால் இரவில் பிரசவ விடுதியில், "பிள்ளை துடிப்புக் குறைஞ்சிட்டு" என்று ஒரு தாய் சொல்லும்போது அதைச் சரியாக எடுத்துச் சொல்ல அங்கே ஒருவர் இருக்கவேண்டும். திருகோணமலைக்கு 50 கிலோமீற்றருக்கு மேல். அனுப்புவதா வைத்திருப்பதா என்ற முடிவு அந்த ஒரு வசனத்தில் தங்கியிருக்கும். தமிழை அரசகரும மொழியாக்கியது 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம். அரசோடு தமிழில் பேசிப் பதில் பெறும் உரிமையை அடுத்த ஆண்டு 16ஆவது திருத்தம் தந்தது. காணிக் கந்தோரில் அந்த உரிமைக்காகச் சண்டை பிடிக்கிறோம். பிரசவ விடுதியில் வாய்மூடி நிற்கிறோம்.

அதேநேரம், எல்லாப் பெருமூளை வாதத்துக்கும் பிரசவ நேரத்தின் தவறு காரணமல்ல. பலவற்றின் வேர் கருப்பையிலேயே விழுந்துவிடுகிறது. பத்தில் ஏறக்குறைய ஒன்றுதான் பிறக்கும்போது காற்றுக் குறைந்ததால் வருவது. இந்த நாட்டின் தாய்மார் இறப்பு வீதம் இலட்சம் பிரசவங்களுக்கு முப்பதளவில்தான். கிராமம் கிராமமாக நடந்த மருத்துவிச்சிமாரின் உழைப்பு அது. அதைத் தூற்றுவது நன்றிகெட்ட வேலை. ஆனால் நல்ல பெயரைக் காட்டிப் பாதிக்கப்பட்ட ஒரு தாயின் வாயை அடைப்பதும் நியாயமில்லை.

வழக்கென்று போனால் நம் நாட்டில் பாதை கடினம். நான்கு வயதுப் பிள்ளையின் இறப்பு குறித்த ஆர்சகுலரத்ன வழக்கில் மாவட்ட நீதிமன்றம் தகப்பனுக்கு 50 இலட்சம் ரூபா கொடுத்தது. மேன்முறையீட்டில் அது 250,000 ஆகக் குறைந்தது. 2001இல் உயர் நீதிமன்றம் அதையும் நீக்கிவிட்டது. கவனக்குறைவைக் காட்டுவது போதாது, அதனால்தான் இழப்பு நேர்ந்தது என்பதையும் நிரூபிக்கவேண்டும். அதற்குக் கண்ணீர் உதவாது, கடதாசிதான் உதவும். நட்டஈட்டு வழக்குக்கான காலமும் பொதுவாக இரண்டு ஆண்டுதான். நம்மவர் அழுது தேறவே இரண்டு ஆண்டு போய்விடுகிறது.

ஆகவே மகள்மாரே, கிளினிக் அட்டையை வைத்தியசாலையில் கொடுக்குமுன் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்து வையுங்கள். வலி தொடங்கிய நேரம், உள்ளே எடுத்த நேரம், துடிப்புப் பார்த்த நேரம் ஆகியவற்றைக் கூட வருகிறவர் ஒரு கொப்பியில் எழுதட்டும். வெட்டிக் கொடுக்கும் துண்டையும் மருந்துச்சீட்டையும் எறியாதீர்கள். "தமிழில் சொல்லுங்கோ, எனக்கு விளங்கவில்லை" என்று ஒருமுறைக்கு இரண்டுமுறை கேளுங்கள். அதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. பள்ளிவாசல் நிர்வாகத்தாரும் வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் இருப்பவர்களும் புதுக் கட்டடம் கேட்கும் அதே குரலில், இரவுக் கடமைக்குத் தமிழ் தெரிந்த ஓர் ஆளையும் கேட்கட்டும்.