அத்தானுக்கு ஒரு வப்போத்தேஸ்

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. மின் சிகரெட் நம் நாட்டில் தடை செய்யப்பட்ட பொருள். 2019 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்தது, அந்த வருஷ டிசம்பரிலேயே முழுச் சட்டமாகிவிட்டது. தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரவும் கூடாது. முதல் தடவை பிடிபட்டால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பிள்ளைகளுக்குப் போன் போட்டு, வரும்போது ஒன்று வாங்கி வா என்று சொல்ல வேண்டாம். நான் எழுதுவது பிரான்சில் நடந்த விஷயம். அங்கே அது சட்டப்படி கடையில் விற்கும் பொருள், பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கு.

என் அக்காவின் வீட்டுக்காரர் சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. 1960-ல் பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார், பதினைந்து வருஷம் இருந்தார், பிறகு அங்கேயே தபால் துறையில் வேலை பார்த்து ரித்ரேத் ஆனார். இப்போது வயது 84. பாரீசுக்கு வடக்கே சார்செல் என்னும் ஊரில், அடுக்கு மாடியின் நான்காவது தளத்தில் அவரும் அக்காவும் இருக்கிறார்கள். மகள் இரண்டு தெரு தள்ளி.

அவருக்குச் சிகரெட்டைக் கற்றுக்கொடுத்தது படைதான். அந்தக் காலத்தில் சிப்பாய்களுக்கு ரேஷன் போலச் சிகரெட் கொடுப்பார்கள், ‘துரூப்’ என்று பெயர். ஃபில்ட்டர் கிடையாது, கறுப்புப் புகையிலை. படையை விட்ட பிறகும் அதே ஜாதியான கோலுவாஸ். விடுமுறையில் ஊருக்கு வந்தால் அத்தான் எந்த அறையில் இருக்கிறார் என்பதை வாசலிலேயே மூக்கு சொல்லிவிடும். நான் லிசேயில் படித்துக்கொண்டிருந்த பையன். அந்த நீலப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்த இறக்கை வைத்த தலைக்கவசத்தைப் பார்த்து வரைந்திருக்கிறேன்.

2024 கடைசியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். ஆஸ்பத்திரியிலும், பிறகு உடம்பு தேற்றும் நிலையத்திலும் சேர்த்து ஏழு வாரம் சிகரெட் தொடவில்லை. வீட்டுக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் சமாளித்தார். பிறகு ஒரு நாள் பால்கனியில் கறிவேப்பிலைத் தொட்டியின் மண்ணுக்குள் ஐந்து துண்டுகளை அக்கா கண்டுபிடித்தாள். குளிர்நாட்டில் அந்தக் கறிவேப்பிலைக் கன்றை அவள் குழந்தை மாதிரி வளர்க்கிறவள். எதற்கு அதிகம் கோபப்பட்டாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

நான் 2025 மே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தபோது வீட்டில் யாரும் யாருடனும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்கு நான்கு ஐந்து சிகரெட் என்கிற நிலைக்கு வந்திருந்தார். அவர் பழைய கணக்குக்கு அது குறைவுதான். ஆனால் ஸ்டென்ட் வைத்த இதயம் பழைய கணக்கைப் பார்க்குமா? அக்கா மகள் என்னைத் தனியே கூப்பிட்டு, “மாமா, நீங்க சொன்னா அப்பா கேப்பாரு” என்றாள். அறுபது வருஷமாக அவர் சொல்லி நான் கேட்டுத்தான் பழக்கம். இருந்தாலும் தலையை ஆட்டி வைத்தேன்.

பிரான்சில் புகைப்பழக்கத்தை விடுவிக்கவே தனி டாக்டர்கள் இருக்கிறார்கள், ‘தபாக்கோலோக்’ என்று பெயர். அத்தானை அங்கே அழைத்துக்கொண்டு போனோம். தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை ஏற்கெனவே ஒட்டிக்கொண்டுதான் இருந்தார், சீட்டு இருந்தால் காப்பீட்டில் பெரும்பங்கு திரும்பக் கிடைக்கும். நிக்கோட்டின் சூயிங்கம் கொடுத்துப் பார்த்தார்கள். அது பல்செட்டில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார், எது இல்லாமல் இருக்க முடியவில்லை என்று. அத்தான் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கைக்கு வேலை இல்லை, மதாம்” என்றார்.

அப்போதுதான் மின் சிகரெட் பேச்சு வந்தது. மருந்து என்று அவர் சொல்லவில்லை. அது மருந்தல்ல, காப்பீட்டிலும் வராது. இதில் புகையிலை எரிவதில்லை, ஆகவே தாரும் கார்பன் மோனாக்சைடும் இல்லை, இதயத்துக்கு அது பெரிய வித்தியாசம் என்றார். நிக்கோட்டின் இருக்கிறது, அது நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் ஏற்றும், அதனால் தீங்கே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னார். ஒரு நிபந்தனையை இரண்டு முறை சொன்னார்: இதையும் இழுத்து, நடுநடுவே சிகரெட்டும் பிடித்தால் ஒரு பயனும் இல்லை, மாறினால் முழுக்க மாற வேண்டும். முழுசாகவே விட்டுவிட்டவர் ஒருவர் இதை ஆரம்பிக்க நினைத்தால் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றார். எனக்கும் அதே அபிப்பிராயம். அத்தானுக்கு முன்னால் இருந்த வழி இதுவா ஒன்றுமில்லாததா என்பதல்ல. இதுவா, கறிவேப்பிலைத் தொட்டியா என்பதுதான்.

பேரன் ஒரு யோசனை சொன்னான். ‘பஃப்’ என்று சின்னதாக, கலர் கலராக, இழுத்துவிட்டுத் தூக்கிப் போடுகிற சாமான் இருந்ததாம், அதுதான் தாத்தாவுக்கு சுலபம் என்றான். இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பிப்ரவரியில்தான் பிரான்ஸ் அதைத் தடை செய்திருந்தது. மிட்டாய் வாசனையும் விலைக் குறைவும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது ஒரு காரணம், பேட்டரியோடு குப்பையில் விழுவது இன்னொரு காரணம். ‘தடை செய்த பிறகு உனக்கு எப்படி இவ்வளவு தெரிகிறது’ என்று அவன் அம்மா கேட்டாள். பையன் அந்தப் பக்கமே காணவில்லை.

ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு கடை. உள்ளே போனால் செல்போன் கடை மாதிரி வெளிச்சம். தாடி வைத்த பையன் ஒருவன், அத்தானைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினான். ஒரு கருவியை எடுத்து நீட்டினான். அரைச் செங்கல் கனம், அதில் ஒரு திரை, திரையில் வாட் கணக்கு. “ஆன் பண்ண இந்தப் பொத்தானை வேகமா அஞ்சு தடவை அழுத்தணும், மிஸ்யே. ஆஃப் பண்ணவும் அஞ்சு தடவை” என்றான். பையில் இருக்கும்போது தானாக எரிந்துவிடாமல் இருக்க அந்த ஏற்பாடாம். அத்தான் அழுத்தினார். அவர் விரல் மூட்டுகள் வீங்கி ஆறேழு வருஷமாகிறது. மூன்று தடவை அழுத்துவதற்குள் கருவி காத்திருந்து அலுத்துப்போகும். மறுபடி அழுத்தினார். நான்கு. மறுபடி. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுகிற நிதானத்தில் செய்கிறவரிடம் தந்தி அடிக்கிற வேகத்தைக் கேட்டால் எப்படி?

அடுத்தது திரவம். நிக்கோட்டின் கலந்த திரவம் 10 மில்லிக்கு மேற்பட்ட புட்டியில் விற்கக் கூடாது, ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் இருக்கக் கூடாது என்பது ஐரோப்பிய விதி. புட்டி சுண்டுவிரல் அளவு. மூடியோ குழந்தைகள் திறக்க முடியாத மூடி, அழுத்திக்கொண்டே திருக வேண்டும். அது நியாயமான ஏற்பாடு, ஏனென்றால் அந்தத் திரவம் குழந்தை வயிற்றுக்குள் போனால் விஷம். ஆனால் குழந்தையால் திறக்க முடியாததைக் கிழவனாலும் திறக்க முடிவதில்லை. அத்தான் பத்து நிமிஷம் போராடிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். நானும் கொஞ்சம் சிரமப்பட்டுத்தான் திறந்தேன். “வீட்டில் பிள்ளைகள் நிரப்பித் தருவார்கள்” என்றான் கடைப் பையன்.

அந்த வார்த்தையில் அத்தான் முகம் மாறியது. தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும், “மச்சான், பொண்ணுகிட்ட நெருப்பு கேட்டு சிகரெட் பிடிச்சிருக்கேனா நான்? இதுக்கு மட்டும் தெனம் போய் நிக்கணுமா?” என்றார். பிறகு வீடு வரும்வரை பேசவில்லை. அன்று சாயந்திரம் பால்கனிக் கதவு இரண்டு தடவை திறந்து மூடிய சத்தம் கேட்டது. அக்கா சீரியல் பார்ப்பது போல உட்கார்ந்திருந்தாள்.

அன்றிரவு நான் உட்கார்ந்து ஒரு தாளில் குறிப்பு எழுதினேன். ஆபீஸில் ஜெராக்ஸ் மிஷின் வாங்குவதற்கு எழுதியது போலத்தான். பொத்தான் இருக்கக் கூடாது, இழுத்தாலே வேலை செய்ய வேண்டும். திரவம் ஊற்றுகிற வேலை இருக்கக் கூடாது. கையில் பிடித்தால் பிடி தெரிய வேண்டும், ஆனால் கனம் கூடாது. சார்ஜ் செய்கிற வாய், அக்காவின் போனுக்கு உள்ளதே பொருந்த வேண்டும். வாசனை புகையிலை வாசனையாக இருக்கட்டும், மாம்பழமும் பஞ்சுமிட்டாயும் வேண்டாம். கடைசியாக, பிறர் துணையில்லாமல் முழுக்க அவரே செய்துகொள்ளும்படி இருக்க வேண்டும். இதைத்தான் அடிக்கோடிட்டேன்.

இன்னொரு கடை, இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி. அங்கே ஐம்பது வயதுப் பெண்மணி. அவர் என் தாளை வாங்கிப் படித்துவிட்டு, என்னிடம் ஒன்றும் பேசாமல் அத்தானுக்கு நாற்காலி போட்டார். ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எத்தனை நிமிஷத்தில் முதல் சிகரெட் என்று கேட்டார். எழுந்த கையோடு பற்ற வைக்கிறவருக்கு நிக்கோட்டின் தேவை அதிகமாம். அத்தான், “காப்பி குடிச்சு, பேப்பர் பார்த்து, ஒரு மணி நேரம் கழிச்சு” என்றார். அப்படியானால் 20 வேண்டாம், 10 போதும் என்றார்.

அவர் எடுத்துக் காட்டியது ஒரு தடித்த பேனா அளவில், கறுப்பாக இருந்தது. பொத்தான் ஒன்றும் இல்லை. முன்கூட்டியே திரவம் அடைத்த 2 மில்லி குப்பியை மேலே செருகினால் காந்தம் ‘டக்’ என்று பிடித்துக்கொள்கிறது. தீர்ந்தால் பிடுங்கிவிட்டு அடுத்தது. காயில் என்கிற சூடேற்றும் கம்பியும் அந்தக் குப்பியோடேயே போய்விடும், தனியாக மாற்ற வேண்டியதில்லை. ஊற்றி நிரப்புகிற வகையைவிட இதற்குச் செலவு அதிகம், அதை அந்தம்மா மறைக்கவில்லை. ஆனால் ஒரு பாக்கெட் சிகரெட் 12 யூரோவுக்கு மேல் விற்கிற ஊரில் அதைப் பெரிய செலவு என்று சொல்ல மாட்டேன். புது யந்திரங்களில் பலவும் நெஞ்சுக்கு நேராக இழுத்துப் பெரிய மேகமாக விடுவதற்குச் செய்தவை, சிகரெட் பிடித்துப் பழகியவருக்கு அது ஒத்துவராது, வாயில் வாங்கி உள்ளே இறக்கும் இறுக்கமான இழுப்புதான் சரி என்றும் சொன்னார்.

அப்புறம் இழுக்கக் கற்றுக்கொடுத்தார். எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. அறுபத்தைந்து வருஷம் புகைபிடித்தவருக்கு இழுக்கத் தெரியவில்லை! சிகரெட்டைச் சட்டென்று பலமாக இழுத்தால்தான் கங்கு எரியும். இதை அப்படி இழுத்தால் திரவம் குளுகுளுவென்று வாய்க்குள் வந்துவிடும், தொண்டை காந்தி இருமல் வரும். மெதுவாக, மூன்று நான்கு விநாடி, சூடான சூப் குடிக்கிற மாதிரி. முதல் நாள் அத்தான் இருமித் தீர்த்தார். புதுக் குப்பி செருகினால் பத்து நிமிஷம் வைத்திருந்து பிறகு இழுக்க வேண்டும், பஞ்சு ஊறாவிட்டால் துணி கருகின நாற்றம் அடிக்கும். அதையும் ஒரு முறை பட்டுத்தான் கற்றுக்கொண்டார்.

நான் யோசிக்காத ஒரு சிக்கலை அவரே மூன்றாம் நாள் சொன்னார். “சிகரெட்டுக்கு முடிவு உண்டு மச்சான். விரல் சுடும், போட்டுடுவேன். இது முடியவே மாட்டேங்குது.” உண்மைதான். டீவி பார்த்துக்கொண்டே கையில் வைத்திருந்தால் எத்தனை இழுப்பு என்று கணக்கே இல்லை. அதற்கு ஒரு வழி செய்தார். யந்திரத்தைச் சட்டைப் பையில் வைப்பதில்லை, பால்கனி ஜன்னல் மேடையில் ஒரு பழைய பித்தளைக் குவளையில் நிமிர்த்தி வைத்திருக்கிறார். நிமிர்ந்து நின்றால் ஒழுகாது, பேரப்பிள்ளைகளுக்கும் எட்டாது. அங்கே போய் நின்றுகொண்டு பத்து இழுப்பு, பிறகு உள்ளே. ஒரு குப்பி இரண்டரை நாள் வருகிறது. காலண்டரில் குப்பி மாற்றுகிற நாளில் ஒரு வட்டம் போட்டு வைக்கிறார். எனக்குப் பிடித்த பழக்கம்.

ஒன்பது நாளைக்குப் பிறகு கடைசியாக இருந்த பாக்கெட்டை அக்காவிடம் கொடுத்தார். உள்ளே ஆறு இருந்தது. அக்கா அதை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் குப்பையில் போட்டாள். கறிவேப்பிலைக்குப் புது மண் வாங்கினோம்.

டிசம்பரில் வழக்கம் போல இருவரும் புதுச்சேரி வந்தார்கள். சட்டத்தை நான் முன்பே போனில் படித்துக் காட்டியிருந்தேன். யந்திரத்தைச் சார்செலிலேயே குவளையில் விட்டுவிட்டு, டாக்டரம்மா எழுதிக்கொடுத்த பட்டைகளோடு வந்தார். முதல் வாரம் கொஞ்சம் சிடுசிடுப்பு. கடற்கரைச் சாலையில் அவருடைய பழைய சொல்தா நண்பர் ஒருவர் பாக்கெட்டை நீட்டியபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அத்தான் சட்டைக் கையைச் சுருட்டித் தோளில் ஒட்டியிருந்த பட்டையைக் காட்டினார். நண்பர் அதை ஏதோ ஊசி போட்ட இடம் என்று நினைத்து உடம்பு எப்படி என்று விசாரித்தார்.

பிப்ரவரி கடைசியில் திரும்பிப் போனார்கள். போன வாரம் அக்கா போன் செய்தாள். கடையில் 10 இல்லையாம், 20 தான் இருக்கிறதாம், வாங்கலாமா என்று அத்தான் கேட்கச் சொன்னாராம். வேண்டாம், அந்தம்மா 6 இருக்கிறதா என்று பார்க்கட்டும், இல்லாவிட்டால் இரண்டு நாள் பொறுக்கச் சொல் என்றேன். பின்னால் அத்தான் குரல் கேட்டது, “காலண்டரைப் பார்த்துச் சொல்லு, ஒரு குப்பி இருக்கு, வியாழக்கிழமை வரைக்கும் வரும்.”