கடை மூடியிருக்கிறது

மார்ச் 22, 2020. ஞாயிறு

வெளியே போகக் கூடாதாம். ஐந்து மணிக்குத் தெரு முழுக்கத் தட்டு, கரண்டி, சங்கு. சின்னவன் என் இட்லிக் கொப்பரை மூடியை அடித்து நெளித்துவிட்டான். கோபம் வந்தது. பிறகு நானும் தட்டினேன். அவர் மாடியில் படுத்திருந்தார். நேற்றே பாட்டில் வாங்கி வைத்திருக்கிறார்.

மார்ச் 24, செவ்வாய்

சாயங்காலம் ஆறிலிருந்து 144. மத்தியானமே கடைக்குப் போனார். சொல்ல முடியாத கூட்டமாம். அரிசிக்கு வைத்திருந்த பணம் அது. பை கனமாகத்தான் வந்தது. அரிசி வரவில்லை.

எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். 21 நாள். "தண்ணி லாரி வருமா?" இதுதான் அத்தை கேட்ட ஒரே கேள்வி. யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை பெரியவளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கியிருக்க வேண்டும். தள்ளிவைத்துவிட்டார்கள். பென்சில் பாக்ஸை எடுக்கிறாள், வைக்கிறாள், எடுக்கிறாள்.

மார்ச் 25, புதன்

அண்ணா நகர்க்காரர் ஒருவர் பெரியாஸ்பத்திரியில் இறந்துவிட்டார். தமிழ்நாட்டிலேயே முதல் சாவு. நம்ம மதுரை. அதுவும் ஆற்றுக்கு இந்தப் பக்கம். வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளித்து வேப்பிலை செருகினேன்.

உசிலம்பட்டியிலிருந்து அம்மா கூப்பிட்டாள். "உனக்குப் போன் போட்டா மொதல்ல யாரோ இருமுறாகளே, மாப்பிள்ளையா?" சிரித்துச் சிரித்துப் புரையேறி எனக்கே இருமல். இதற்குத்தானோ சிரித்தேன் என்று அப்புறம் பயம்.

மார்ச் 27, வெள்ளி

கடைசி பாட்டில். தண்ணீர் நிறையக் கலக்கிறார். நான் பார்க்காத மாதிரி காஜா எடுத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 29, ஞாயிறு

தீர்ந்துவிட்டது. கை நடுங்குகிறது. டம்ளர் பிடிக்க முடியவில்லை. வேர்வை. ராத்திரி முழுக்க மாடிக்கும் கீழுக்கும் நடை. சின்னவன் எதற்கோ சிரித்தான், கையை ஓங்கிவிட்டார். அத்தை குறுக்கே போய் நின்றார்.

கண்மாய்ப் பக்கம் யாரோ குவாட்டர் 600 ரூபாய்க்கு விற்கிறானாம். என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். இருந்தது. மெஷின் டிராயரில், பாபின் டப்பாவுக்கு அடியில்.

பயமாக இருக்கிறது. பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

மார்ச் 31, செவ்வாய்

மோர் மட்டும் குடிக்கிறார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ என்கிறார் எதிர்வீட்டு அக்கா. எதில் கூட்டிப்போவது? பாலத்தில் போலீஸ். அந்த ஆஸ்பத்திரிப் பெயரைச் சொன்னாலே இப்போது எல்லோரும் நாலடி தள்ளி நிற்கிறார்கள்.

இதை எழுதும்போது தூங்குகிறார். குறட்டை. நல்ல குறட்டை.

ஏப்ரல் 3, வெள்ளி

ரேஷன். டோக்கன்படி இன்று எங்கள் தெரு. 1,000 ரூபாய், அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி. சுண்ணாம்பில் வட்டம் போட்டிருந்தார்கள். வட்டத்துக்குள் அவரவர் செருப்பை நிறுத்திவிட்டு நாங்கள் வேப்பமர நிழலில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்தோம். செருப்புகள்தான் இடைவெளியோடு நின்றன.

பணத்தை எங்கே வைப்பது? முந்தியில் முடிந்துகொண்டே தூங்கப் போகிறேன். அவர் கேட்கவில்லை. கேட்காததும் ஒரு மாதிரி இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஒன்பது மணிக்கு லைட்டை அணைத்து ஒன்பது நிமிஷம் விளக்கு. எதற்கென்று அத்தை கேட்டார். நோய் போகவாம் என்றேன். "போனா சரி." கார்த்திகைக்கு வாங்கிய அகல்களை எடுத்து வைத்தோம். அவர் திரி திரித்துக் கொடுத்தார். கை அவ்வளவாக நடுங்கவில்லை.

இன்று சத்தம் இல்லை.

ஏப்ரல் 8, புதன்

காலையில் எழுந்து பார்த்தால் அடுப்படியில் சிமெண்டு குழைக்கிறார். வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மிக்குப் பக்கத்தில் தரை பெயர்ந்து கிடக்கிறது என்று. ஊர் முழுக்கத் தரை போட்டவர் வீட்டுத் தரை. மாடியில் அரை மூட்டை சிமெண்டு கிடந்திருக்கிறது. ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துப் பூசினார். எங்களை உள்ளே விடவில்லை. வாசலில் செங்கல் அடுப்பில் கஞ்சி. சின்னவனுக்கு ஒரே கொண்டாட்டம்.

சத்தம் இல்லை.

ஏப்ரல் 10, வெள்ளி

மகளிர் குழுவில் மாஸ்க் தைக்கக் கொடுத்தார்கள். ஒன்றுக்கு 3 ரூபாய் கூலி. துணி அவர்களே தருகிறார்கள். எலாஸ்டிக் எங்கேயும் இல்லை. அதே துணியில் நாடா தைக்க வேண்டியிருக்கிறது. நாடாவுக்குத்தான் நேரம் போகிறது. மூன்று மடிப்பு, அயர்ன். கால் மெஷின் மிதித்து முட்டி வீங்கிவிட்டது.

சித்திரைக்கு வந்த ஜாக்கெட் எல்லாம் அப்படியே தொங்குகிறது. அதிலே பாதி பச்சை. அழகர் பச்சைப்பட்டு கட்டி வருவார் என்று இந்தத் தெருப் பெண்களுக்கு அவ்வளவு நம்பிக்கை.

குழுக் கடன் மூன்று மாசம் கட்ட வேண்டாமென்று டிவியில் சொன்னார்கள். அந்தத் தனியார் கடன்காரன் மட்டும் டிவி பார்ப்பதில்லை போல. போன் மேல் போன்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. மாங்காய், வேப்பம்பூ, வெல்லம். வெல்லம் கம்மி, கசப்பு தூக்கலாகிவிட்டது.

மே 3 வரைக்கும் நீட்டித்துவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று அழுதார். அவர் வீட்டுக்காரருக்கு ஹோட்டல் வேலை. நானும் "ஆமாக்கா, எப்படிப் பிழைக்கிறது" என்றேன். உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். மே 3 வரைக்கும் கடையும் கிடையாது.

ஏப்ரல் 16, வியாழன்

அரிசி குறைகிறது. சந்தோஷப்பட்டதற்குத்தான் இது என்று தோன்றியது. முருங்கைக்கீரை ஒடித்து ஒடித்து மரம் மொட்டை.

எல்லோரும் வீட்டிலேயே. ஐந்து பேர், ஒரு அறை, ஒரு ஃபேன். யாராவது ஒருத்தர் அரை மணி நேரம் என் கண்ணில் படாமல் இருந்தால் கோயில் கட்டிக் கும்பிடுவேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

அவர் பெரியவளுக்குக் கேள்வி கேட்கிறார். சமூக அறிவியல். புத்தகத்தைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு எழுத்துக் கூட்டிக் கேட்கிறார். அவள் தப்பாகச் சொன்னாலும் "சரி, அடுத்தது." அவள் திருட்டுச் சிரிப்பு சிரிக்கிறாள். ஒன்பதாவதோடு நின்றவர்.

ராத்திரி தரையில் சாக்பீஸில் கட்டம் போட்டுத் தாயம். அத்தை அழுகுணி ஆட்டம் ஆடுகிறார். கையும் களவுமாகப் பிடித்தோம்.

சத்தம் இல்லை. சிரிப்புச் சத்தம் மட்டும்.

ஏப்ரல் 20, திங்கள்

திருவிழா இல்லை. இரண்டுமில்லை, தேருமில்லை, ஆற்றில் இறங்குவதுமில்லை. அத்தை நம்பவில்லை. "அழகரு வராம எப்புடி? வெள்ளைக்காரன் காலத்துலயே வந்தாரு."

அவர் ஒன்றும் பேசவில்லை. ஆணியில் தொங்கிய தோல்பையை எடுத்து நல்லெண்ணெய் தேய்த்துத் திரும்ப மாட்டினார். அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிற பை. மாமாவுடையது. வருஷா வருஷம் அதற்காக மாலை போட்டு விரதம் இருக்கிற நாட்களில் மட்டும் கடைப் பக்கம் போக மாட்டார். கல்யாணம் ஆகி வந்த வருஷம் அந்த நாட்களில்தான் அவரை முதலில் பார்த்துப் பழகினேன். இவர்தான் அவர் என்று நினைத்துவிட்டேன்.

ஏப்ரல் 25, சனி

நாளையிலிருந்து நான்கு நாள் மதுரை, சென்னை, கோவையில் முழு ஊரடங்கு. காய்கறிக் கடைகூட இல்லை. அதனால் இன்று மொத்த ஊரும் தெருவில். இத்தனை நாள் காத்த இடைவெளி ஒரே காலையில் போச்சு. தக்காளிக்கு அடிதடி. யார் யோசனையோ!

நான் கால் கிலோ வெங்காயத்தோடு திரும்பினேன். மூச்சு விடவே பயம். குளித்தேன், மஞ்சள் பூசினேன், மறுபடி குளித்தேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

தொண்டை கரகரக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. கபசுரக் குடிநீர் போட்டு எல்லோருக்கும் கொடுத்து நானும் குடித்தேன். கசப்பு நாக்கிலேயே நிற்கிறது. இந்நேரம் ஊரில் கொடி ஏறி, மாசி வீதியில் சாமி சுற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

ஏப்ரல் 30, வியாழன்

தொண்டை சரியாகிவிட்டது. வெயிலில் ஐஸ் தண்ணீர் குடித்ததுதான்.

அவருக்கு முகம் தெளிந்திருக்கிறது. கண்ணில் மஞ்சள் இல்லை. வயிறு பசித்துக் கேட்டுச் சாப்பிடுகிறார். அதுதான் பிரச்சினை. சோறு பத்தவில்லை. வேலை ஏதும் செய்யாமல் மினுமினுவென்று உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் எனக்குத் திடீரென்று ஆத்திரம் வருகிறது. பிறகு இல்லை.

மே 4, திங்கள்

அக்னி நட்சத்திரம். மீனாட்சி கல்யாணம். ஆடி வீதியில் பந்தல் இல்லை, ஜனம் இல்லை. நாலைந்து பட்டர்கள் மட்டும். டிவியில் பார்த்தோம். குளித்துப் பட்டு கட்டி டிவி முன்னால் தேங்காய் உடைத்தார் அத்தை. போன வருஷம் கோயிலில் கொடுத்த மஞ்சள் கயிறு ஒன்று மிச்சம் இருந்தது. தாலி மாற்றினேன். முடிச்சை அவர்தான் பிடித்துக்கொண்டார். விரலில் சிமெண்டு வெடிப்பு. கழுத்தில் சுரசுரவென்று பட்டது.

சாயங்காலம் செய்தி. ஏழாம் தேதி கடை திறக்கிறார்கள்.

மே 5, செவ்வாய்

அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் நகம் வெட்டினார். முடி வெட்டச் சொல்லி அத்தையிடம் தலையைக் கொடுத்தார். காதோரம் ஒரு பக்கம் ஏறிப்போச்சு. சிரித்தோம். இருந்தாலும் நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மே 6, புதன்

50 வயதுக்கு மேலே பத்திலிருந்து ஒன்று. 40க்கு மேலே ஒன்றிலிருந்து மூன்று. சின்ன வயசுக்காரர்கள் மூன்றிலிருந்து ஐந்து. ஆதார் வேண்டும். குவாட்டருக்குப் பத்து ரூபாய் ஏற்றம். ரேஷனுக்குக்கூட இவ்வளவு ஒழுங்காக அட்டவணை போட்டதில்லை.

ராத்திரி கேட்டார். "இந்தா, என் ஆதார் எங்க இருக்கு?"

பெரியவள் சர்டிபிகேட்டோடு ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எடுத்துக் கொடுத்தேன்.

மே 7, வியாழன்

சித்ரா பௌர்ணமி. விடிகாலையில் முழிப்பு வந்துவிட்டது. வேறு வருஷமாக இருந்தால் ஆற்றங்கரையில் நிற்போம். சர்க்கரைச் செம்பில் சூடம், கையில் குழந்தை. கோவிந்தா சத்தம் இல்லை. வெறும் காக்கை. அத்தை வாசலில் பானகம் கரைத்து வைத்தார். குடிக்க ஆள் இல்லை, எறும்பு வந்தது.

பன்னிரண்டரைக்குக் கிளம்பினார். நான் தைத்த மாஸ்க்கைத்தான் போட்டுக்கொண்டு போனார்.

நாலு மணிக்கு வெறுங்கையோடு வந்தார். அவர் முறை வருவதற்குள் மூன்று அடித்துவிட்டதாம். போலீஸ் விரட்டிவிட்டதாம். முகத்தைப் பார்க்க முடியவில்லை. எனக்கு உள்ளங்காலிலிருந்து ஒரு குளிர்ச்சி. மீதி மாவில் பணியாரம் சுட்டேன். இரண்டு சாப்பிட்டார். அழகர் ஆற்றில் இறங்காவிட்டாலும் இதையாவது பார்த்துக்கொண்டார்.

சத்தம் இல்லை.

மே 8, வெள்ளி

காலையிலேயே போனார். வாங்கிவிட்டார்.

நேற்று ஒரே நாளில் 172 கோடியாம். மதுரை மண்டலம்தான் முதல். பேப்பரில் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பையன் பெருமையாகச் சொல்கிறான்.

பணியாரச் சட்டி வாசலில் கிடக்கிறது. புதுத் தரையில் விழுந்து ஓரம் பெயர்ந்துவிட்டது. அவர் போட்ட தரை. பெரியவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். மாடியில் லைட் இல்லை.

ராத்திரி டிவியில், கடையை மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். யாரும் இடைவெளி விடவில்லையாம். அத்தை டிவியைப் பார்த்துக் கும்பிட்டார்.

மே 9, சனி

கடை மூடியிருக்கிறது. இவர் கூசிக் கூசி உட்கார்ந்திருக்கிறார். சின்னவனிடம் ஐந்து ரூபாய் கொடுத்து மிட்டாய் வாங்கிக்கொள் என்றார். அவன் வாங்கிக்கொண்டான். அவனுக்கென்ன.

எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. மாஸ்க் மட்டும்.

மே 12, செவ்வாய்

ஜூன் 1 பரீட்சை. அறிவித்துவிட்டார்கள். பெரியவள் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்று அழுகிறாள். அவர் மறுபடி புத்தகத்தை வாங்கிக் கேள்வி கேட்டார். அவள் பதில் சொன்னாள். திருட்டுச் சிரிப்பு இல்லை.

பெயர்ந்த ஓரத்தைப் பூசச் சிமெண்டு இல்லை என்கிறார்.

மே 13, புதன்

சத்தம் இல்லை. எண்ணிக்கொண்டிருப்பதை நிறுத்த வேண்டும்.

மே 15, வெள்ளி

உச்ச நீதிமன்றம் தடை போட்டுவிட்டது. கடையை மூடுவதற்குத் தடை. எது எதற்குத் தடை என்று எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. அவருக்கு உடனே புரிந்தது.

அத்தை டிவியை அணைத்துவிட்டார். "கோர்ட்டுக்குக் கோர்ட்டு மாத்திப் பேசுறாய்ங்க."

மே 16, சனி

பத்து மணிக்குத் திறப்பு. டோக்கன், ஒரு கடைக்கு நாளைக்கு 500 பேர். எட்டுக்கே போய்விட்டார். ஆதார் அவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது, நான் எடுத்துக் கொடுக்க வேண்டிய வேலை இல்லை.

குழுவில் மாஸ்க் பணம் வந்தது. 1,140. பாபின் டப்பா இனி வேண்டாம், அவருக்கும் தெரியும். எதிர்வீட்டு அக்காவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். பெரியவள் இன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் அக்கா வீட்டு மாடியில்தான் படிப்பாள், அங்கேயே படுத்துக்கொள்வாள். பேசிவிட்டேன். கரண்டுக்கு மாசம் 100 ரூபாய் தருவதாகச் சொன்னேன். வேண்டாம் என்றார் அக்கா. கொடுத்துவிட்டேன்.