உப்பில்லாப் பாண் உண்ட வீடு

ஒரு நாட்டைக் காணச் செல்வோர் இருவகையினர். மாளிகைகளையும் ஆலயங்களையும் சிற்பக்கூடங்களையும் கண்டு மகிழ்ந்து திரும்புவோர் ஒரு வகையினர். அந்நாட்டாரின் வீட்டிலே தங்கி, அவர் உண்பதை உண்டு, அவர் கடிந்துரைப்பதையும் கேட்டுத் திரும்புவோர் மற்றொரு வகையினர். முன்னவர்க்குப் பொருள் இருந்தாற் போதும். பின்னவர்க்குப் பொறுமையும் வேண்டும். ஐரோப்பாவிலுள்ள உறவினரைக் காணச் சென்ற நாம், சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்திலே, இத்தாலி நாட்டின் புளோரன்ஸ் நகரில் மூன்று வாரம் தங்கினோம். நாம் வாடகைக்கு அமர்ந்த வீட்டிலேயே, இரண்டாம் வகையைச் சேர்ந்த அமெரிக்க மாணவன் ஒருவனும் வாழ்ந்து வந்தான். அவன் அவ்வீட்டிலே கற்றவை, பிறநாடு சென்று பயில எண்ணும் நம் மாணவர்க்கும் அவர்தம் பெற்றோர்க்கும் பயன்படுவன என்று கருதி ஈண்டு எழுதுகின்றோம்.

புளோரன்ஸ், ஆர்னோ ஆற்றின் இரு கரையிலும் அமைந்த பழம்பெரும் நகர். மகாகவி தாந்தே 1265 ஆம் ஆண்டிற் பிறந்தது இந்நகரிலேதான். 1302 இல் அவரை நாடு கடத்தியதும் இந்நகரே. புரூனெல்லெஸ்கி என்னும் சிற்பாசாரியார் எழுப்பிய பேராலயத்தின் குவிமாடம் 1436 இல் நிறைவெய்தியது. செங்கல் நிறம் கொண்ட அம்மாடம், நகரின் பல பகுதிகளில் நின்று நோக்கினும் கண்ணிற் படும். ஆற்றின் மேலுள்ள பழைய பாலம் 1345 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 1944 இற் பின்வாங்கிய ஜெர்மானியப் படையினர் ஏனைய பாலங்களை எல்லாம் தகர்த்தபோது இஃது ஒன்றே தப்பியது. இதன் இருமருங்கும் இன்று பொற்கடைகள் நிறைந்துள்ளன.

இந்நகருக்கு அமெரிக்க மாணவர் வந்து பயிலும் வழக்கம் புதியதன்று. ஸ்மித் கல்லூரி என்னும் மகளிர் கல்லூரி, 1931 ஆம் ஆண்டிலேயே தன் மாணவியரை ஓராண்டுப் படிப்பிற்கு இங்கே அனுப்பத் தொடங்கியது. 1959 இல் சிரக்கியூஸ் பல்கலைக்கழகமும், 1960 இல் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகமும் இங்கே தத்தம் நிலையங்களை நிறுவின. இன்று இத்தகைய நிலையங்கள் பல. மாணவருட் சிலர் தம் நாட்டாருடன் கூடி மாடிவீடுகளை வாடகைக்கு எடுத்துத் தங்குவர். வேறு சிலர் இத்தாலியக் குடும்பங்களில் விருந்தினராய் அமர்வர். விருந்தினர் என்றோமாயினும், குடும்பத்தாருக்கு இதன்பொருட்டுப் பணம் கொடுக்கப்படுகின்றது. அறைக்கும், காலை உணவிற்கும், குறித்த நாட்களில் இராவுணவிற்கும் இவ்வளவு என்று கணக்கு உண்டு. இதனை எவரும் மறைப்பதில்லை. பணங்கொடுத்துத் தங்கும் இடம் எப்போது ஒருவனுக்கு வீடாகின்றது என்பதே நாம் அங்குக் கண்டறிந்த செய்தி.

நாம் தங்கிய வீடு ஒல்த்ரார்னோ என்னும் பகுதியிலே இருந்தது. ‘ஆர்னோவுக்கு அப்பால்’ என்பது இப்பெயரின் பொருள். தச்சரும், படச்சட்டங்களுக்குப் பொன்முலாம் பூசுவோரும், புத்தகம் கட்டுவோரும் இன்றும் அங்குத் தொழில் செய்கின்றனர். வீடு நான்காம் மாடியில். ஏறுவதற்குக் கற்படிகளே உண்டு. வீட்டுத் தலைவி எழுபது வயதை அணுகும் அம்மையார், கணவரை இழந்தவர். ‘சிஞ்ஞோரா’ என்றே அவரை அழைத்தோம். மாணவனோ ஒஹாயோ மாநிலத்தவன், இருபது வயதினன், செப்டெம்பரில் வந்து மே மாதம் வரை தங்குதற்கு ஏற்பாடாகியிருந்தது. இரண்டு ஆண்டு இத்தாலிய மொழி கற்றே வந்திருந்தான். “ஐயா, நான் கற்ற இத்தாலியம் விமான நிலையத்தோடு முடிந்துவிட்டது. சிஞ்ஞோரா பேசியதில் முதல் வாரம் எனக்கு விளங்கியவை இரண்டே சொற்கள்: ஒன்று ‘உண்’, மற்றது ‘செருப்பு’” என்று அவன் எம்மிடம் கூறினான்.

செருப்பின் கதை சுவையானது. இத்தாலிய வீடுகளில் உள்ளே அணிவதற்கென்றே தனிச் செருப்பு உண்டு. வெறுங்காலுடன் குளிர்ந்த தரையில் நடந்தால் நோய் வரும் என்பது அவர் நம்பிக்கை. ஈரத்தலையுடன் வெளியே செல்வதும் அத்தகைய குற்றமே. நம் நாட்டில் வீட்டினுள்ளே வெறுங்காலுடன் நடத்தலே மரியாதை என்று அம்மையாருக்கு விளக்கினோம். அவர் கவனமாகக் கேட்டுத் தலையசைத்தார். பின் எழுந்து சென்று எமக்கும் ஒரு சோடி செருப்பை எடுத்து வந்து வைத்தார்!

மின்சாரமும் அம்மாணவனுக்கு ஒரு பாடமாயிற்று. இத்தாலியின் பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று கிலோவாட் அளவிலேயே மின்சாரம் வழங்கப்படுகின்றது. உடுப்புத் தோய்க்கும் பொறியும் அடுப்பும் ஒருசேர இயங்கினால் வீடு முழுவதும் இருளும். ஆளில்லா அறையில் விளக்கெரிந்தால் அம்மையார் சொல்லொன்றுங் கூறாது வந்து அணைத்துவிட்டுப் போவார். உடுப்புகளை உலர்த்துவதற்குப் பொறியில்லை. சன்னலுக்கு வெளியே கட்டிய கொடியே உண்டு. தன் வீட்டில் இவற்றையெல்லாம் எண்ணியே பாராத அம்மாணவன், ‘ஒரு வீடு எவ்வாறு நடக்கின்றது என்பதை இங்கேதான் கண்டேன்’ என்றான்.

மேசையே அவ்வீட்டின் பள்ளிக்கூடம். இத்தாலியர் உணவை ஒருசேரப் பரிமாறுவதில்லை. முதலிற் பஸ்தாவோ கஞ்சியோ வரும், அடுத்து இறைச்சி, மீன், முட்டை போன்றவற்றுள் ஒன்று கீரைகறியுடன் வரும், இறுதியிற் பழம். முதல்நாள் இதனை அறியாத மாணவன், பஸ்தாவையே முழு உணவென எண்ணி மும்முறை வாங்கி உண்டுவிட்டு, பின்வந்தவற்றைக் கண்டு திகைத்தானாம். மரக்கறி உணவினராகிய எமக்கு அம்மையார் அடிக்கடி சமைத்தது ‘ரிபொல்லீட்டா’ என்னும் பண்டம். வெள்ளை அவரை விதையும், கரும்பச்சைக் கோவா இலையும், பழைய பாணும் சேர்த்துக் காய்ச்சுவது. ‘மீண்டும் கொதித்தது’ என்பது அச்சொல்லின் பொருள். மிஞ்சிய பாணை எறிவது அவ்வீட்டில் நினைத்தற்கும் அரியது. பழஞ்சோற்றின் அருமை அறிந்த எமக்கு அஃது உவப்பாயிருந்தது.

அப்பாணிலே உப்பு இல்லை. தொஸ்கானா மாகாணத்தார் தொன்றுதொட்டு உப்பிடாமலே பாண் சுடுகின்றனர். முற்காலத்திற் பீசா நகரத்தார் உப்பைத் தடுத்தமையால் என்றும், உப்புவரி மிகுந்தமையால் என்றும் காரணம் பலவாறு கூறுவர். தனியே உண்டால் வெறுமையாகத் தோன்றும் அப்பாண், உப்பு மிகுந்த பாற்கட்டியுடன் உண்ணும்போது தன் தகுதியைக் காட்டும். நவம்பரிற் புதிதாக ஆட்டிய ஒலிவ் எண்ணெய் வந்ததும், பாணை வாட்டி, உள்ளிப் பல்லைத் தேய்த்து, அவ்வெண்ணெயை வார்த்து உண்பர். அதன் காரமும் மணமும் இன்னும் எம் நினைவில் உள்ளன.

பாண் என்ற சொல்லை நாம் கூறியபோது அம்மையார் வியப்புற்றார். அவர் மொழியில் அது ‘பானே’. நம் குசினி அவர்க்குக் ‘குச்சீனா’. நம் அலுமாரி அவர்க்கு ‘ஆர்மாடியோ’. யாழ்ப்பாணத்தை 1619 முதல் 1658 வரை ஆண்ட போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் நம்மிடம் வாழ்கின்றன. போர்த்துக்கேயமும் இத்தாலியமும் இலத்தீன் என்னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆதலின், எழுகடல் தாண்டிய சமையலறையிலே நம் வீட்டுப் பொருட்கள் பெயர் சொல்லி எம்மை வரவேற்றன.

சொல்லைப் பற்றிப் பேசுமிடத்து மற்றொன்றையும் குறித்தல் வேண்டும். ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். சிறுவனையும் அரசனையும் அதனாலேயே விளிக்கலாம். இத்தாலியத்தில் நெருங்கியோர்க்குத் ‘தூ’ என்றும், மதிப்பிற்குரியோர்க்கு ‘லேய்’ என்றும் கூறல் வேண்டும். நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகளை இளமையிலேயே ஏறிப் பழகிய நமக்கு இதில் இடர்ப்பாடு இல்லை. அம்மாணவனோ வந்த நாளிலேயே மூதாட்டியாரைத் ‘தூ’ என்று விளித்துவிட்டான். அவர் சினக்கவில்லை, அன்று மாலை வந்த அயல்வீட்டார் அவரை எவ்வாறு விளித்தனர் என்பதைக் கேட்டு, அவன் தானே நாணித் திருத்திக்கொண்டான்.

நாம் சென்ற சில நாளில் நவம்பர் 4 ஆம் நாள் வந்தது. 1966 ஆம் ஆண்டு அந்நாளில் ஆர்னோ பெருக்கெடுத்து நகரை மூழ்கடித்தது. வெள்ளம் ஏறிய அளவைக் குறிக்கும் கற்பலகைகளை இன்றும் சுவர்களிற் காணலாம். சில நம் தலைக்கு மேல் உயரத்தில் உள்ளன. ஆற்றங்கரையிலுள்ள தேசிய நூல்நிலையத்தில் எண்ணற்ற நூல்கள் சேற்றில் அமிழ்ந்தன. அப்போது இத்தாலிய இளைஞரும், அங்கே பயின்ற பிறநாட்டு மாணவரும் வரிசையாக நின்று, சேறு படிந்த நூல்களைக் கைமாற்றிக் கைமாற்றி வெளியேற்றினர். ‘சேற்றுத் தேவதூதர்’ என்று நகரத்தார் அவர்களுக்குப் பெயர் சூட்டினர். அந்நாளிற் சிறுமியாயிருந்த அம்மையார், முழங்கால்வரை சேறு படிந்த பிறநாட்டு இளைஞரைத் தாம் கண்ட செய்தியைச் சொல்ல, மாணவன் எமக்கு ஆங்கிலத்திற் பெயர்த்துரைத்தான். ஓரிடத்தில் அவன் நிறுத்தினான். “அவர்களுள் எங்கள் நாட்டாரும் இருந்தனராம்” என்று மெல்லக் கூறினான்.

இவ்வளவும் நன்றாகவே இருந்தன. எனினும் ஓரிரவு இடையூறு நேர்ந்தது. இராவுணவிற்கு வருவதாகச் சொல்லிச் சென்ற மாணவன் வரவில்லை. தன் நாட்டு நண்பரின் மாடிவீட்டிற் பேசியிருந்து பொழுதை மறந்தான். அவன் கைத்தொலைபேசியும் உயிரற்றுக் கிடந்தது. மறுநாட் காலை அம்மையார் அவனை ஏசவில்லை. ‘நல்லது’ என்னும் பொருள்பட ஒரு சொற் கூறிக் கோப்பியை வைத்துவிட்டு அகன்றார்.

அன்று மாலை அவன் எம்முடன் சாந்தா திரினித்தாப் பாலத்தின் மேல் நடந்து வந்தான். “ஐயா, நான் பணங்கொடுத்துத் தங்குகின்றேன். உண்ணாவிடின் நட்டம் எனக்குத்தானே? அவர் ஏன் வருந்த வேண்டும்? நண்பரின் வீட்டில் ஒரு கட்டில் ஒழிகின்றது. சனவரியில் அங்கே போய்விடலாமென எண்ணுகின்றேன். அங்கே எவருக்கும் நான் கணக்குக் கூற வேண்டியதில்லை” என்றான்.

அவன் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. நாள் முழுதும் அயல்மொழியிற் பேசிக் களைத்தவனுக்குத் தன் மொழி பேசும் வீடு நிழல் போன்றது. எனவே நாம் அவனுக்கு அறிவுரை கூறவில்லை. முதல்நாளிரவு நாம் கண்டதை மட்டும் சொன்னோம். அவன் பங்கு உணவைச் சிஞ்ஞோரா ஒரு தட்டிலிட்டு மறுதட்டால் மூடி வைத்திருந்தார். பத்து மணி கடந்தும் தாம் உண்ணவில்லை. படியில் ஓசை கேட்கும்போதெல்லாம் கதவை நோக்கினார். “அவர் உண்ணவில்லையா?” என்று கேட்டவன், பாலத்தைக் கடக்கும்வரை வேறொன்றும் பேசவில்லை.

அன்றிரவு அவன் நேரத்தோடு வந்தான். குசினி வாயிலில் நின்று, ‘பெர்மெஸ்ஸோ’ என்றான். பிறர் வீட்டினுள் நுழைவோர் உத்தரவு வேண்டிக் கூறும் சொல் அது. அம்மையார் அவனைப் பாராமலே பழைய பாணையும் கத்தியையும் அவன்பால் நகர்த்தினார். அவன் அமர்ந்து வெட்டினான். துண்டுகள் பெரியன என்று முதற் குறை கூறினார். மறுநாள் ஈரத்தலையுடன் படியிறங்கியவனை நான்காம் மாடியிலிருந்து தெருவே கேட்க ஏசினார். “ஐயா, இன்று ஏச்சு விழுந்தது!” என்று அவன் எம்மிடம் வந்து கூறியபோது அவன் முகத்திற் கண்ட மகிழ்ச்சியை என்னென்பது! விடுதித் தலைவர் வாடிக்கையாளரை ஏசுவதில்லை. வீட்டார்தாம் பிள்ளையை ஏசுவர்.

அவன் மே மாதம் வரையும் அவ்வீட்டிலேயே தங்கினான். பின்னர் எமக்கு எழுதிய கடிதத்தில், மார்ச் மாதத்தில் ஒருநாள் அம்மையார் தம்மைத் ‘தூ’ என்று அழைக்குமாறு அவனைப் பணித்ததைக் குறித்திருந்தான். செப்டெம்பரில் அறியாமையால் எடுத்தாண்ட சொல்லை, மார்ச்சில் உரிமையாகப் பெற்றான். தேர்விற் பெற்ற புள்ளிகளைப் பற்றி அக்கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

இன்று நம் பிள்ளைகளும் கல்வியின் பொருட்டுக் கொழும்பிற்கும், கடல் கடந்த நாடுகளுக்கும் சென்று பிறர் வீடுகளில் வாழ்கின்றனர். அறைக்குரிய பணத்தைத் திங்கள்தோறும் தவறாது செலுத்தினாற் கடன் தீர்ந்தது என்று அவர்கள் எண்ணல் ஆகாது. வரும் நேரத்தை முன்கூட்டிச் சொல்லுதல், ஆளில்லா அறையில் விளக்கை அணைத்தல், குசினியில் ஒரு வெங்காயத்தையேனும் உரித்துக் கொடுத்தல், வீட்டார் கடிந்துரைத்தால் முகஞ்சுளியாதிருத்தல் ஆகிய இவற்றிற்குப் பணம் ஈடாகாது. உப்பிட்டவரை மறவாமை நம் மரபு. அம்மாணவன் உண்ட பாணிலோ உப்பும் இல்லை; ஆயினும் அவன் மறக்கவில்லை. பிறநாடு செல்லும் நம் இளைஞர் இதனை மனங்கொள்வாராக.