டப்பாவுக்குள் தேனீ

மக்களே, சீனியர் அண்ணாகிட்ட கடன் வாங்கின வால்வு ஆம்ப். என் மல்டி எஃபெக்ட்ஸை முன்பக்க இன்புட்ல சொருகினா, தகர டப்பாவுக்குள்ள தேனீ கத்துற மாதிரி ஒரு சத்தம். மறுநாள் மேடை ஏறணும்!

விஷயம் இதுதான்: எஃபெக்ட்ஸுக்குள்ளயே ஒரு போலி ஆம்ப், போலி ஸ்பீக்கர் இருக்கு. அதுக்கு மேல நிஜ ப்ரீஆம்ப், நிஜ ஸ்பீக்கர். சாம்பார்ல ரெண்டு தடவை உப்பு. போலி ஸ்பீக்கரை அணைச்சுட்டு, வால்யூமைக் குறைச்சு வெச்சு, பின்பக்கம் எஃபெக்ட்ஸ் லூப்போட 'ரிட்டர்ன்'ல சொருகினேன். ப்ரீஆம்ப் ஒதுங்கிடுச்சு, கிடார் கிடாராவே கேட்டுச்சு.

ஆனா அந்த ஆம்போட சொந்த டிஸ்டார்ஷன் போச்சே! அதுவும் வேணும்னா நாலு கேபிள் முறை: ப்ரீஆம்புக்கு முன்னாடி வா-வா, பின்னாடி டிலே, ரிவெர்ப். என்கிட்ட இருந்தது ரெண்டே கேபிள். (ஆம்ப் ஓடும்போது ஸ்பீக்கர் வயரை மட்டும் கழட்டிடாதீங்க, அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் புகைஞ்சிடலாம். அண்ணா இதை மூணு தடவை சொல்லித்தான் குடுத்தார்.)

ரெண்டு கேபிளோடயே மேடை ஏறினேன்.