எந்த ஒயர், எந்த டிவி?

பழைய கேம்களை ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில், படத்தின் தோற்றத்தை மாற்றும் ஷேடர் மெனுவைத் திறந்து, பழைய குழாய் டிவிகளைப் போலக் காட்டும் சிஆர்டி அடைவுக்குள் போனால் தலை சுற்றும். சிஆர்டி-ராயல், சிஆர்டி-ஜியோம், லாட்டிஸ், ஈஸிமோட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இதில் எனக்கு வழிகாட்டியவர் பழைய டிவி மெக்கானிக் அண்ணன் ஒருவர். "எது அழகுன்னு கேக்காத தம்பி. அந்த கேம் எந்த ஒயர்ல, எந்த டிவில ஓடுச்சுன்னு கேளு" என்பார்.

ஒயர் ஏன் முக்கியம் என்பதை 1991இல் மெகா டிரைவ் கன்சோலுக்கு வந்த சோனிக் கேமை வைத்துக் காட்டினார். முதல் கட்டத்திலேயே அருவி வரும். ஷேடர் இல்லாமல் பார்த்தால் அது வெறும் செங்குத்துக் கோடுகள்: ஒரு வரிசை தண்ணீர், அடுத்த வரிசை காலி. சிஆர்டி-ராயலைப் போட்டேன், கோடுகள் அப்படியே நின்றன. அதற்கு முன்னால், பழைய ஒயர் வழியாக வரும் படத்தைப் போலவே காட்டும் என்டிஎஸ்சி ஷேடர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். கோடுகள் கரைந்து, பின்னாலிருக்கும் பாறை தெரிகிற தண்ணீராகிவிட்டது. காம்போசிட்டில், அதாவது அந்த மஞ்சள் ஒயரில், வெளிச்சமும் நிறமும் ஒன்றாகவே போகும். அதனால் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடும். அந்தக் கலங்கலை நம்பித்தான் அருவியையே வரைந்திருக்கிறார்கள். ஆர்கேடில் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 கதை வேறு. அதன் போர்டிலிருந்து மானிட்டருக்கு நேராக ஆர்ஜிபி போகும். அங்கே என்டிஎஸ்சி ஷேடருக்கு வேலையே இல்லை.

அடுத்தது மாஸ்க், அதாவது திரையில் மூன்று நிறங்களையும் பிரித்து வைக்கும் அமைப்பு. பூதக்கண்ணாடியைக் கொடுத்துப் பழைய டிவிகளின் திரையைப் பார்க்கச் சொன்னார். சோனி டிரினிட்ரானில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் மேலிருந்து கீழாக நீளக் கோடுகள். ஸ்லாட் மாஸ்க் டிவியில் அதே மூன்றும் குட்டைக் குட்டையாக, செங்கல் அடுக்கியதுபோல் தள்ளித் தள்ளி நிற்கும். இதை ஷேடரில் கொண்டுவர, ஒவ்வொரு மூவர்ணத் தொகுப்புக்கும் குறைந்தது 3 பிக்சல் தேவை. 1080பி திரையில் 4:3 படத்தின் அகலம் 1440 பிக்சல். ஆகவே 480 தொகுப்புதான் கிடைக்கும். 4கே திரையில் அதைப்போல் இரு மடங்கு. சாதாரண மானிட்டரில் மாஸ்க்கை லேசாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

உயரத்திலும் கணக்கு உண்டு. 224 வரிப் படத்தை 1080க்கு இழுத்தால் ஒரு வரிக்கு 4.8 பிக்சல் வரும். சாதாரண ஷேடரில் ஸ்கேன்லைன் ஒன்று தடிமனாகவும் இன்னொன்று மெலிந்தும் விழும். முழு மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேலை ஆன் செய்து 4 மடங்கில் நிறுத்தினால் 896. மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு விழுந்தாலும் வரிகள் சீராகிவிடும். வெள்ளை எழுத்து வரும் இடத்தையும் கவனிக்க வேண்டும். நிஜ டிவியில் வெளிச்சமான வரி பருத்து இடைவெளியை மூடும். இருட்டு வரி மெலியும். எல்லா இடத்திலும் வரிகளுக்கு இடையிலான கறுப்புக் கோடு ஒரே அளவில் இருந்தால் அந்த பிரீசெட்டை, அதாவது அந்த ஷேடர் அமைப்பைத் தள்ளிவிடலாம்.

இப்போது ஒவ்வொரு கோருக்கும், அதாவது ரெட்ரோஆர்ச்சில் உள்ள ஒவ்வொரு எமுலேட்டருக்கும், ஒரு பிரீசெட்டைச் சேமித்து வைத்திருக்கிறேன். சோனிக் மாதிரி கேமுக்குத் தனியாக ஒன்று. கேம் பாய்க்கு சிஆர்டியே கிடையாது, அது எல்சிடி. திரை வளைவு விஷயத்தில் மட்டும் அண்ணனோடு இன்னும் வழக்கு ஓயவில்லை. அவருக்கு நாலு பக்கமும் உப்பிய திரைதான் பிடிக்கும். பழைய டிரினிட்ரான் கண்ணாடி பக்கவாட்டில் மட்டுமே வளையும், மேலிருந்து கீழாக நேராகத்தான் இருக்கும் என்று அவர் கற்றுக்கொடுத்ததையே அவரிடம் திருப்பிச் சொல்கிறேன்.