மேப்பிள் பாணியும் என் பொய்யும்

பக்கத்து வீட்டு அம்மா தன் கையால் காய்ச்சித் தந்த மேப்பிள் பாணியை நான் பல வருடங்கள் மதிக்கவில்லை. கடையில் மலிவாகக் கிடைக்கும் சோளப் பாணியைப் பூசிப் பலகாரம் செய்து, “நீங்கள் தந்த பாணியில் செய்தது” என்று சொல்லி அவருக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் சாப்பிட்டார், நன்றி சொன்னார். அவர் தந்த போத்தல்களில் ஒன்றை அலுவலகத்தில் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். மற்றவற்றைப் பூஞ்சணம் பிடிக்க விட்டுக் குசினித் தொட்டிக்குள் ஊற்றினேன். செய்தது அதுதான். எப்படிச் செய்தேன் என்பதை மறைக்காமல் எழுதிவிட வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

நாங்கள் ஒட்டாவாவுக்கு வந்த புதிதில் எனக்கு பேக்கிங் தெரியாது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டில் அவண் இருந்ததில்லை. கேக் தேவையென்றால் பேக்கரிதான். அந்த அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. காலை உணவுக்கு ஸ்கோன் செய்வது எப்படி என்று என்னைத் தன் குசினி மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திக் காட்டித் தந்தார். இரண்டு கோப்பை கோதுமை மா, ஒரு மேசைக்கரண்டி பேக்கிங் பவுடர், இரண்டு மேசைக்கரண்டி சீனி, கொஞ்சம் உப்பு. பிரிட்ஜிலிருந்து அப்போதுதான் எடுத்த பட்டர் அரைக் கோப்பை. பட்டரை விரல் நுனியால் மாவோடு உதிர்க்க வேண்டும். பட்டாணி அளவுத் துண்டுகள் இன்னும் கண்ணுக்குத் தெரியும்போதே நிறுத்திவிட வேண்டும். பிறகு குளிர்ந்த பால் முக்கால் கோப்பை விட்டு, பிசையாமல், ஒன்றுசேர்த்தால் போதும். வட்டமாகத் தட்டி எட்டாக வெட்டி, 200 பாகை செல்சியஸ் சூட்டில் பதினைந்து முதல் பதினெட்டு நிமிடம். சூட்டில் அந்தப் பட்டர்த் துண்டுகள் உருகி, அவற்றிலுள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்கிவிடும்; அதனால்தான் ஸ்கோன் உள்ளே இதழ் இதழாகப் பிரிகிறது. கை சூடு பட்டு பட்டர் முன்கூட்டியே இளகிவிட்டால் கிடைப்பது வெறும் கட்டி பிஸ்கட்.

மேலே பூச ஐசிங் சீனியும் மேப்பிள் பாணியும். ஒரு கோப்பைச் சீனிக்கு மூன்று மேசைக்கரண்டி பாணி, ஒரு கரண்டி உருக்கிய பட்டர், ஒரு சிட்டிகை உப்பு. இவ்வளவுதான். அன்று வீட்டுக்குக் கிளம்பும்போது கண்ணாடிப் போத்தல் ஒன்றில் பாணியும் தந்தார். அவருடைய தம்பிக்கு லனார்க் பக்கத்தில் கொஞ்சம் காணியும் மேப்பிள் மரங்களும் இருந்தன. ஒவ்வொரு மார்ச் மாதமும் அவர் அங்கே போய்த் தம்பியோடு நின்று காய்ச்சிவிட்டு வருவார். அந்த வருடத்திலிருந்து ஒவ்வொரு வசந்தத்திலும் எங்கள் வாசலுக்கு ஒரு போத்தல் வந்தது.

முதல் போத்தலைத் திறந்தபோது என் கணவர், “இதென்னப்பா, தண்ணி மாதிரிக் கிடக்கு?” என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. நிறமும் மெல்லியது, மணமும் மெல்லியது. அடுப்பிலிருந்து இறக்கிய ஸ்கோன்மேல் சுடச்சுட ஊற்றினேன். எல்லாம் உள்ளே இறங்கி, தட்டில் வழிந்து, மேலே ஒன்றும் மிஞ்சவில்லை. உண்மையான மேப்பிள் பாணியில் தடிப்பாக்கும் பசை எதுவும் இல்லை, அது இளகலாகத்தான் ஓடும், கூடுதலாக இரண்டு கரண்டி ஐசிங் சீனி சேர்த்து, ஸ்கோன் ஆறி வெதுவெதுப்பான பிறகு ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. பாணி சரியில்லை என்று முடிவு கட்டினேன்.

அடுத்த தடவை சூப்பர்மார்க்கெட்டில் பான்கேக்குக்கு என்று விற்கும் பாணியை வாங்கினேன். தடிப்பானது, கரும்பழுப்பு நிறம், மூடியைத் திறந்ததுமே மணம் தூக்கும். ஸ்கோன்மேல் ஊற்றிய இடத்திலேயே நின்று மினுங்கியது. பிள்ளைகள் ஆசையாகச் சாப்பிட்டார்கள். அதில் ஒரு தட்டைத்தான் முதன்முதலாகப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். “என்னுடைய பாணியா?” என்று அவர் கேட்டார். “ஓம்” என்றேன்.

அந்த ஒரு ‘ஓம்’ வாயில் வந்தது தயக்கத்தால் என்று சொல்லலாம். ஆனால் பிறகு நடந்ததற்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. அலுவலகத்துக்கு ஸ்கோன் கொண்டுபோனபோது, “பக்கத்து வீட்டு அம்மா விறகடுப்பில் காய்ச்சிய பாணி” என்று நானாகவே கதை சொன்னேன். அந்தக் கதைக்கு மதிப்பு இருந்தது. இந்த நாட்டில் வேரூன்றியவள் போல, இந்த மண்ணின் ருசி அறிந்தவள் போல என்னை அது காட்டியது. புதிதாக வந்தவளுக்கு அந்தப் பெயர் எவ்வளவு பெரிது என்பது வந்தவர்களுக்குத் தெரியும். அவருடைய உழைப்பின் பெயரை எடுத்துக்கொண்டேன். உழைப்பால் வந்த பொருளை அலுமாரியின் பின்பக்கம் தள்ளினேன். திறந்த மேப்பிள் பாணியைப் பிரிட்ஜில்தான் வைக்க வேண்டும், வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும் என்பதைக்கூட நான் விசாரிக்கவில்லை.

கனடாவில், மேப்பிள் மரத்தின் நீரை மட்டும் காய்ச்சி எடுத்ததற்குத்தான் மேப்பிள் பாணி என்று பெயர் போடலாம். நான் வாங்கிய பிளாஸ்டிக் போத்தலில் அந்தப் பெயர் இருக்கவில்லை. சோளத்திலிருந்து எடுத்த குளுக்கோஸ்-ஃபிரக்டோஸ், தண்ணீர், நிறமூட்டி, சுவையூட்டி, தடிப்பாக்கும் பசை என்று எல்லாமே பின்பக்கம் அச்சிடப்பட்டிருந்தன. போத்தல் பொய் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

2012இல் கியூபெக்கில் ஒரு களவு வெளிவந்தது. உலக மேப்பிள் பாணியில் ஏறத்தாழ 70 சதவீதம் கியூபெக்கில்தான் உற்பத்தியாகிறது. விளைச்சல் குறைந்த வருடங்களுக்காக உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பு பீப்பாய் பீப்பாயாகச் சேமித்து வைத்திருந்தது. அதிலிருந்து மூவாயிரம் தொன்னுக்குக் கிட்டிய பாணி, சுமார் 1 கோடியே 80 லட்சம் டொலர் பெறுமதியானது, களவு போயிருந்தது. பாணியை எடுத்துவிட்டுச் சில பீப்பாய்களில் தண்ணீரை நிரப்பி வைத்திருந்தார்கள். செய்தியைப் பார்த்து, “இப்படியும் மனிசரா?” என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று நானும்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்ற எண்ணம் அன்று எனக்கு எழவேயில்லை.

அது உறைத்தது லனார்க்கில்தான். மார்ச் மாத நடுவில், “இம்முறை நீங்களும் வாருங்கள், பிள்ளைகள் பார்க்கட்டும்” என்று அந்த அம்மா அழைத்தார். கூடவே, “உங்கள் ஸ்கோன் கொண்டுவாருங்கள்” என்றும் சொன்னார். நான் வழக்கமான பாணியைப் பூசி, வழக்கம்போல ஒரு பெட்டி நிறையச் செய்துகொண்டு போனேன்.

இரவில் உறைபனிக்குக் கீழே, பகலில் அதற்கு மேலே. இந்த ஏற்ற இறக்கம் இருக்கும் சில வாரங்களில் மட்டும்தான் மரத்தில் நீர் ஓடும். மொட்டு அவிழத் தொடங்கினால் நீரின் சுவை கெட்டுவிடும். அதோடு அந்த வருடம் முடிந்தது. மரம் சுமார் 25 சென்ரிமீற்றர் பருமனுக்கு வர வேண்டும். அதற்கு நாற்பது வருடம் அளவில் ஆகலாம். அப்போதுதான் ஒரு துளை போடலாம். துளையிலிருந்து வாளியில் சொட்டியதைத் தம்பியார் ஒரு கோப்பையில் பிடித்துத் தந்தார். தண்ணீர்தான். உற்றுச் சுவைத்தால் மட்டும் இனிப்பின் சாயல். நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில்தான் அதில் சீனி. நாற்பது லீற்றர் நீரைக் காய்ச்சினால் ஒரு லீற்றர் பாணி கிடைக்கும். மீதி முப்பத்தொன்பதும் ஆவியாகக் கூரையின் திறப்பு வழியே போகிறது.

கொட்டகைக்குள் நீளத் தட்டில் அது கொதித்துக்கொண்டிருந்தது. அந்த அம்மா கையுறையோடு விறகு தள்ளினார். நுரை பொங்கி வரும்போது ஒரு துளி பட்டரை விட்டார். நுரை உடனே அடங்கியது. தண்ணீர் கொதிக்கும் சூட்டைவிட 4 பாகை செல்சியஸ் கூடும்வரை விடாமல் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். அந்தக் கட்டத்தில் சீனி 66 சதவீதத்தைத் தொடும். கொஞ்சம் முந்தி இறக்கினால் புளித்துப்போகும், பிந்தினால் அடியில் சீனிக் கல் படியும், கவனம் தப்பினால் தட்டே கருகும். முந்தைய நாள் இரவு இரண்டு மணிவரை நின்றதாகச் சொன்னார். அப்போது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. இந்த வேலையை ஐரோப்பியர் கற்றதே இங்கிருந்த பூர்வகுடி மக்களிடம்தான் என்று பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே விறகு போட்டார்.

அந்தக் கொட்டகையில் வைத்துத்தான் என் ஸ்கோன்களை எல்லோரும் எடுத்தார்கள். தம்பியார் ஒன்றைக் கடித்துவிட்டு, “எந்த வருடத்துப் பாணி?” என்று கேட்டார். “போன வருடத்தது” என்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, அக்காவும் தம்பியும் இரவு சரியாகத் தூங்காத கண்களோடு எதிரே நின்றார்கள், அப்போதும் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் இதைவிடச் சின்னத்தனமானது வேறில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் என் மனதில் ஓடியது பனங்கட்டி. எங்கள் ஊரிலும் மரத்து நீரைத்தான் காய்ச்சினார்கள். விடியற்காலையில் பனையேறி இறக்கிய கருப்பநீரை அந்த வீட்டுப் பெண்கள் புகைக்குள் நின்று காய்ச்சி, குட்டானில் வார்த்துக் கொண்டுவருவார்கள். நாங்கள் அதை வாங்கினோம், தேநீரோடு கடித்தோம், விலை பேசினோம். கொண்டுவந்தவர்களைப் படலைக்கு வெளியே நிறுத்தினோம். அவர்கள் எங்கே காய்ச்சுகிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. சாதி கொடுத்த அந்தப் பாராமுகம் கடல் கடந்தும் என்னோடு வந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். இனிப்பு கையில் வந்தால் போதும், அதன் பின்னால் நிற்கும் கையைப் பார்க்கத் தேவையில்லை என்ற பழக்கம் அது. பக்கத்து வீட்டு அம்மாவின் போத்தலை அலுமாரிக்குப் பின்னால் தள்ளியது அந்தப் பழக்கம்தான்.

ஆனாலும் உடனே சொல்லவில்லை. சொல்லாமல் இன்னொரு போத்தலையும் வாங்கிக்கொண்டேன். ஒரு நாள் அவர் தன் பேத்திக்கு என் ஸ்கோன் செய்முறை வேண்டும் என்று கேட்டார். என் பூச்சு மட்டும் ஏன் அவ்வளவு தடிப்பாக நிற்கிறது, தனக்கு ஏன் வருவதில்லை என்று உண்மையாகவே அறிய விரும்பினார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், குசினித் தொட்டியில் ஊற்றியது உட்பட.

அவர் கோபப்படவில்லை. “பிடிக்கவில்லை என்று முதல் வருடமே சொல்லியிருந்தால் வேறு யாருக்காவது கொடுத்திருப்பேனே” என்றார். பிறகு, “தம்பியிடம் மட்டும் சொல்ல வேண்டாம்” என்றார். அடுத்த வசந்தத்தில் போத்தல் வரவில்லை. அதற்கடுத்த வசந்தத்திலும் வரவில்லை. வேலிக்கு மேலால் பேசுகிறோம், கிறிஸ்மஸுக்கு வாழ்த்துச் சொல்கிறோம். அந்தப் போத்தலை மறுபடி எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை, கேட்கவும் மாட்டேன்.

இப்போது காசு கொடுத்து வாங்குகிறேன். பேக்கிங்குக்கு ‘டார்க்’ என்று தரம் போட்டதுதான் பொருத்தம். ‘கோல்டன்’ மிக மென்மையானது, ஐசிங் சீனிக்குள் அதன் மணம் மறைந்துவிடும். மாவிலும் சீனிக்குப் பதிலாகப் பாணி சேர்ப்பதானால் ஒரு கோப்பைச் சீனிக்கு முக்கால் கோப்பைப் பாணி எடுத்து, பாலை மூன்று மேசைக்கரண்டி அளவு குறைக்க வேண்டும். பழக நாக்குக்கு நேரமெடுத்தது. போலிப் பாணியின் அந்தத் தூக்கலான மணத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது: சோட்டோலோன் என்ற சேர்மம். நம் வெந்தயத்தில் நிறைய இருப்பது அதுதான்; செயற்கை மேப்பிள் சுவை தயாரிக்க வெந்தயச் சாறு பயன்படுகிறது. 2005இலிருந்து நியூயோர்க் நகரில் அவ்வப்போது மேப்பிள் மணம் பரவி மக்கள் பயந்தார்கள். 2009இல் நகர நிர்வாகம் கண்டுபிடித்துச் சொன்னது, நதிக்கு அப்பால் நியூஜெர்சியில் ஒரு தொழிற்சாலை வெந்தய விதையைப் பதப்படுத்தியதால் வந்த மணம் என்று. நான் மேப்பிள் என்று நம்பி விரும்பியது பெரும்பாலும் எங்கள் கறிச்சட்டியில் தாளிக்கும் அந்த மணத்தைத்தான். உண்மையான பாணியில் அது மெல்லிய ஒரு இழை. அதற்குப் பின்னால் வனிலா, கருகிய சீனி, விறகுப் புகை, கொஞ்சம் கசப்பு எல்லாம் மெதுவாக வரும். அவர் தந்த ஒவ்வொரு போத்தலிலும் இதெல்லாம் இருந்திருக்கும்.

உங்கள் வீட்டு அலுமாரியிலும் யாராவது கையால் செய்து தந்த போத்தல் ஒன்று இருக்கக்கூடும். மேப்பிள் பாணியாக இருக்கலாம், ஊறுகாயாக இருக்கலாம், தேனாக இருக்கலாம். இன்றைக்கே எடுத்துத் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள். எப்படிப் பாவிப்பது என்று தெரியாவிட்டால் தந்தவரிடமே கேளுங்கள். பிடிக்கவில்லை என்றால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.