பிச்சு

பித்தப்பையை எங்க சேரியில பிச்சுன்னுதான் சொல்லுவோம். கோழி அறுக்கிறப்ப ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒரு சின்னப் பை இருக்கும். அது உடைந்தால் கறி முழுக்கக் கசந்துபோகும். "பிச்சு உடையாம எடுடீ" என்று ஆயா கத்தும். மாட்டுக்கு இது பெரிசு. செத்த மாட்டை அறுத்த காலத்தில் தாத்தா அந்தப் பையைத் தடவிப் பார்ப்பாராம். உள்ளே கட்டியாக ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கு யோகம். அதுதான் கோரோசனை. மாட்டின் பித்தப்பையில் உண்டாகிற கல். நாட்டு மருந்துக் கடைக்காரர் எடை போட்டு வாங்கிக்கொள்வார். குழந்தைக்கு மாந்தம், சளி என்றால் தாய்ப்பாலில் உரசிக் கொடுப்பார்கள். பூசைக்கும் மாந்திரீகத்துக்கும் போகும். செத்த மாட்டைத் தொட்டதால் தாத்தா தீட்டு. அதே மாட்டின் வயிற்றுக்குள் தாத்தா கைவிட்டு எடுத்த கல் தீட்டில்லை. அது அக்ரகாரத்துப் பிள்ளையின் நாக்கு வரைக்கும் போகலாம்.

என் வயிற்றிலிருந்து எடுத்த கல்லுக்கு அப்படி ஒரு விலையும் இல்லை. 2018இல் அரசு ஆஸ்பத்திரியில் பையோடு சேர்த்து எடுத்து, ஒரு சின்ன டப்பாவில் போட்டு என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தார்கள். மிளகு மாதிரி கறுப்பாக, பதினேழு கல். காப்பீட்டு அட்டை இருந்ததால் காசு செலவில்லை. வயிற்றில் நாலு துளை, மூணாம் நாள் வீடு. வலி போனது உண்மை. ராத்திரி ரெண்டு மணிக்கு வலது விலாவுக்குக் கீழே பிடித்து முதுகுவரை குத்திக்கொண்டு போகிற வலி அது. ஆபரேசன் வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வார்டில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மாட்டுக்கறி சாப்பிடுவீங்களா?" சீட்டில் எங்க காலனி பேர் இருந்தது. பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கும் கல்தான். அவங்களிடம் அதைக் கேட்கவில்லை. "சாப்பிடுவேன்" என்றேன். "அதான்" என்றார். அந்த 'அதான்' ரொம்ப நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பித்தக்கல் எல்லாம் ஒரே வகை இல்லை என்று பின்னால் படித்தேன். கொலஸ்ட்ரால் உறைந்து வருகிற கல் மஞ்சளாக இருக்கும். கறுப்புக் கல், ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து வரும் பிலிருபின் என்கிற நிறமி உறைந்து வருவது. தென்னிந்தியாவில் இந்த நிறமிக் கல் சாதாரணமாகப் பார்க்கிற ஒன்று. டப்பாவில் கிடந்தது கறுப்புக் கல். டாக்டர் அந்த டப்பாவைப் பார்த்துவிட்டாவது 'அதான்' சொல்லியிருக்கலாம்.

"மூணு மாசத்துல வயிறு பழகிடும்" என்றார்கள். பழகவில்லை. ஈரல் பித்தநீர் சுரப்பதை நிறுத்துவதில்லை. பை இருந்தவரைக்கும் அதைச் சேர்த்து வைத்து, கொழுப்பு சேர்ந்த சாப்பாடு உள்ளே வரும்போது பிழிந்துவிடும். பை போனதும் நேரங்காலம் இல்லாமல் சொட்டிக்கொண்டே இருக்கிறது. சிறுகுடலின் கடைசிப் பகுதி அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளணும். மிஞ்சினது பெருங்குடலுக்குப் போனால் தண்ணியை இழுத்துவிட்டுக் கலக்கிவிடும். நிறையப் பேருக்குச் சரியாகிவிடுகிறது. சிலருக்கு வருசக்கணக்கில் நிற்கிறது. எனக்கு, சாப்பிட்டு இருபது நிமிசத்தில் ஓடணும்.

எங்கே ஓடுவது?

விவசாயக் கூலிப் பெண்கள் சங்கத்தில் வேலை செய்கிறேன். வாரத்தில் நாலு நாள் கிராமங்களுக்குப் போகணும். ஊர்த்தெருவில் தண்ணி கேட்டாலே தூக்கி ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வாசலில் நின்று கக்கூசா கேட்பது? கிராமப்புற இந்தியாவில் திறந்தவெளியில் மலம் கழிப்பது ஒழிந்துவிட்டது என்று 2019 அக்டோபர் 2ஆம் தேதி அறிவித்தார்கள். நான் போகிற சேரிகளில் கட்டிக்கொடுத்த கக்கூசுக்குள் விறகும் வறட்டியும் அடுக்கியிருக்கிறது. தண்ணி இல்லாத கக்கூசை வேறென்ன செய்வார்கள்? பொழுது சாய்ந்து இருட்டுகிற வரைக்கும் அடக்கிவைக்க எங்க பொம்பளைகள் சின்ன வயசிலேயே பழகினவர்கள். என் வயிறு அந்தப் பழக்கத்தை மறந்துவிட்டது.

அதனால் வெளியே போகிற நாளில் சாப்பிடுவதில்லை. இங்கேதான் சிக்கல். நம்ம வேலையில் சோற்றை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவதும் சாதியை உடைக்கிற வேலை என்று மேடையில் பேசுகிறவள் நான். திண்டிவனம் பக்கம் ஒரு சேரியில் ஓர் அத்தை எனக்காகவே மாட்டுக்கறி ஆக்கி வைத்திருந்தது. கொழுப்பு மிதக்கிற குழம்பு. வேண்டாம் என்றதும் முகம் மாறிவிட்டது. "இன்னாம்மே, நாலு மீட்டிங்கு போனதும் எங்க வூட்டுச் சோறு ஆவாமப் போச்சா?"

"இல்ல அத்தே, எனக்குப் பிச்சு இல்ல. ஆபரேசன் பண்ணி எடுத்துட்டாங்க."

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சிரித்தது. "பிச்சு எடுத்தா கறி நல்லாத்தான இருக்கணும்?" கொழுப்பில்லாத துண்டாக நாலு பொறுக்கிக் கழுவி, மிளகுத்தூள் போட்டுக் கஞ்சியோடு கொடுத்தது. அப்புறம் சொம்பில் தண்ணி எடுத்துக்கொண்டு கருவேலங்காடு வரைக்கும் கூடவே வந்து, திரும்பி நின்று காவல் இருந்தது.

இதற்கு எதிராக ஒன்று. ஒரு முற்போக்குத் தோழர் வீடு. ஆதிக்க சாதியில் பிறந்தவர். எங்க போராட்டத்தில் எல்லார் முன்னாலும் மாட்டுக்கறி தின்றவர். அவர் வீட்டில் ஒரே பந்தியில்தான் சாப்பிட்டோம். வயிறு கலக்கி எழுந்து கேட்டதும், "தோட்டத்துப் பக்கம் ஒண்ணு இருக்கு தோழர்" என்றார். கூடத்தை ஒட்டி உள்ளேயே ஒன்று இருந்தது. அவர் வீட்டம்மா அப்போதுதான் அதிலிருந்து வெளியே வந்தார். வாய் வரைக்கும் வந்த சமத்துவம் குடலுக்குக் கீழே இறங்கவில்லை. அதற்கப்புறமும் அவரோடு வேலை செய்கிறேன். அந்த வீட்டில் மட்டும் சாப்பிடுவதில்லை.

நாலு வருசம் மாத்திரை மாற்றி மாற்றிப் போட்டேன். ஒருத்தர் "எல்லாம் மனசு" என்றார். 2022இல்தான் ஒரு இளம் பெண் டாக்டர் எப்போது, எத்தனை தடவை, ராத்திரி எழுப்புகிறதா என்று பொறுமையாகக் கேட்டு, கொலஸ்டிரமின் என்ற தூளை எழுதிக்கொடுத்தது. அது குடலில் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். மணலைக் கரைத்துக் குடிக்கிற மாதிரி இருக்கும். மற்ற மாத்திரைகளை அதற்கு ஒரு மணி நேரம் முன்னாடியோ, நாலு மணி நேரம் கழித்தோதான் போடணும். இல்லாவிட்டால் அதையும் பிடித்துக்கொள்ளும். எங்க ஊர்க் கடையில் இல்லை, விழுப்புரத்தில் சொல்லிவைத்து வாங்குகிறேன். முழுசாகச் சரியாகவில்லை, பாதி தேவலை. பொரித்தது, உப்புக்கண்டம், போட்டி எல்லாம் போயாச்சு. மாட்டுக்கறியை விடவில்லை. கொழுப்பு நீக்கி, வேகவைத்து, கொஞ்சமாக.

சேரிக் கக்கூசுகளுக்குக் குழாய் இழுக்கச் சொல்லிச் சங்கத்தில் மனு எழுதி, நாற்பது பெண்கள் திங்கட்கிழமை குறைதீர் நாளுக்குப் போனோம். மூணு மணி நேரம் வரிசை. பெண்கள் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை. மனுவுக்கு ரசீது கொடுத்திருக்கிறார்கள். தண்ணி வரவில்லை. வருகிற திங்கட்கிழமை திரும்பப் போகிறோம். அன்றைக்குக் காலையில் கஞ்சிகூடக் குடிக்க மாட்டேன்.